ஏன் என்று எழுதச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் சட்டக் கல்லூரிப் பேராசிரியர் என்பது இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். பாகப்பிரிவினைக்கு யோசனை கேட்க வந்து, காபி மட்டும் குடித்துவிட்டுப் போன உறவினர்கள் உங்களில் நிறையப் பேர். அக்கா கற்பித்தது நிருவாகச் சட்டமும், குடிபெயர்ந்தவர்களுக்கும் அகதிகளுக்குமான சட்டமும். ஓர் அலுவலகம் ஒருவரிடம் முடியாது என்று சொன்னால், ஏன் முடியாது என்று கேட்கிற சட்டம் என்று அக்காவே எளிதாகச் சொல்வார்.

அந்தக் கேள்வியை அவர் கல்லூரியில் கற்றதாக எனக்குத் தோன்றவில்லை. திண்டிவனத்தை அடுத்த கிளியனூரில் பிறந்தார். அப்பாவுக்கு மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை விளைகிற கொல்லைக்காட்டைத் தவிர வேறு வருமானம் இல்லை. பள்ளி முடித்ததும் சட்டம் படிக்கப் போகிறேன் என்றார் அக்கா. அப்பா மறுத்துவிட்டார்.

"பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு கோர்ட்டும் கச்சேரியும்? டீச்சர் ட்ரெய்னிங்ல சேந்துக்கோ."

அக்கா அழவில்லை. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அப்பாவிடம் நீட்டினார். "ஏன் வேணாம்னு இதுல எழுதிக் குடுங்கப்பா. படிச்சுப் பாத்துட்டு நான் பேசாம இருந்துக்கறேன்."

அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து அதைக் கொடுத்தார். அடியில் அவருடைய கையெழுத்து மட்டும் இருந்தது. "எழுதறதுக்கு ஒன்னும் வரல. போய்ப் படி" என்றார்.

படித்தார். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாதி நாள் ரொட்டியிலேயே ஓட்டினார். கல்லூரியில் வேலை கிடைத்த பிறகு, சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுக்குப் போவார். அங்குள்ளவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். வேலையில் இருக்கும் பேராசிரியர் நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது என்பதால், வழக்கு என்று வந்தால் வக்கீலாகிவிட்ட தன் பழைய மாணவியை அனுப்புவார்.

இனி எழுதப்போவது என்னைப் பற்றியது. இதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். அந்த முகாமில் இருந்த ஒரு பெண், வேறு மாவட்ட முகாமில் இருந்தவரைத் திருமணம் செய்திருந்தார். கணவரைத் தன் முகாமுக்கு மாற்றித் தரும்படி மனு கொடுத்தார். ஆள் கணக்கெடுப்புக்கு அவரவர் முகாமில் இருந்தாக வேண்டும் என்பதால், மகள் பிறந்த பிறகும் அந்த மனிதர் விருந்தாளி போல வந்து போய்க்கொண்டிருந்தார். மனு என் மேசைக்கு வந்தது. 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலாது' என்று எப்போதும் எழுதும் ஒரு வரியை எழுதி மேலே அனுப்பினேன். அதுவே உத்தரவாக வெளியே போனது.

மறுவாரம் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். தம்பியின் அலுவலகம்தானே என்று உள்ளே நுழையாமல், மற்றவர்களோடு வரிசையில் நின்று என்னிடம் வந்தார்.

"இது நீ எழுதுனதா தம்பி?"

"ஆமாங்க்கா. எல்லாத்துக்கும் இப்படித்தான் எழுதறது."

"ஏன் இல்லன்னு எங்க எழுதியிருக்க?"

"மேல யாரும் கேக்க மாட்டாங்க."

"கீழ நிக்கிறவங்க கேக்கறாங்களே. அந்தப் பொண்ணு என்கிட்ட இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'இல்லை எண்டாலும் பரவாயில்லை அக்கா, ஏன் எண்டு சொல்லட்டும்'னுச்சு. கேஸ் போடறோம். உன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டுப் போறேன்."

சொன்னபடி போட்டார். அப்போது எனக்குப் பதவி உயர்வு வரவிருந்தது. கூடப் பிறந்தவளே குழி பறிக்கிறாள் என்று கொதித்துப் போனேன். அந்த ஆண்டு அக்காவுக்குப் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு போகவில்லை. அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று அக்காவே என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சீர் வரலன்னா போவட்டும். ஏன் எடுத்துக்கினு வரலன்னு மட்டும் சொல்லு."

நான் அவருடைய செருப்பை ஓரமாக எடுத்து வைத்தேன். அவர் என் மனைவியிடம் தட்டு வாங்கி, பொங்கலைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

என் ஒற்றை வரியை நீதிமன்றம் ரத்து செய்தது. காரணங்களோடு மீண்டும் முடிவெடுக்கச் சொன்னது. கோப்பு மறுபடி என்னிடமே வந்தது. முகாமில் இடமில்லை என்று எழுதினேன். மூன்று வீடுகள் காலி என்ற அறிக்கை அதே கோப்பில் இருந்தது. அடித்தேன். பாதுகாப்புக் கருதி என்று எழுதினேன். ஆட்சேபம் இல்லை என்ற காவல்துறைக் கடிதம் அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. அதையும் அடித்தேன். அப்பா கையெழுத்து மட்டும் போட்டுத் தந்த தாள் அப்போது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. மனுவை ஏற்கலாம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்தேன். அதிகாரி கையெழுத்திட்டார். அடுத்த பொங்கலுக்கு இரண்டு மடங்கு சீரோடு போய் நின்றேன். அக்கா கரும்பை மட்டும் குறை சொன்னார்.

நோய் முற்றிய நாட்களிலும் அவர் மாறவில்லை. ஒரு மாத்திரையை நிறுத்திய மருத்துவரிடம், "ஏன் நிறுத்தினீங்கன்னு சீட்டுல எழுதிடுங்க டாக்டர்" என்றார். மாணவர்களின் விடைத்தாள்களைக் கட்டிலிலேயே திருத்தி முடித்தார்.

அந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், இரத்தம் கொடுத்த மாணவ மாணவியருக்கும், கடைசி வரை அக்காவைத் தாங்கிப் பிடித்த மாமாவுக்கும், துக்கத்தில் எங்களோடு நின்ற ஊராருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இன்று எந்த மனுவை மறுத்தாலும் ஏன் என்று எழுதாமல் நான் அனுப்புவதில்லை. கோப்பு தாமதமாகிறது என்று சக ஊழியர்கள் கேலி செய்கிறார்கள். ஓய்வு பெறும் வரை இப்படித்தான்.

இறுதிச் சடங்குக்கு முகாமிலிருந்து அந்தக் கணவனும் மனைவியும் மகளோடு வந்திருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், நேரில் நன்றி சொல்ல முகாமுக்குப் போனேன். வெளியே போகிறவர்கள் எழுதும் பதிவேடு வாசல் மேசையில் இருந்தது. அக்கா இறந்த நாளின் பக்கத்தைத் திருப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் 'இறுதிச் சடங்கு' என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். யாரைப் பார்க்கப் போகிறார், என்ன உறவு என்ற கட்டத்தில் 'கூடப் பிறந்த அக்கா' என்று இருந்தது. நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.