கடைசி வீட்டிலிருந்து கிளம்பிய ஆட்டோ

காட்டேரிக்குப்பத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டோ ஓட்டிய மஞ்சுளா அக்கா போன மாதம் டெங்கு காய்ச்சலில் இறந்துபோனார். வயது நாற்பத்திரண்டு. வண்டி அவர் கணவருடையது. கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போனதும் உறவினர்கள் அதை விற்கச் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்துப் பக்கம் அவர் வீடு. அங்கிருந்து கிளம்பி ஆறு வீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கரும்புக்கொல்லை ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வருவார். அதன் பிறகு பள்ளிதான்.

என் மகள் சிந்து பள்ளியில் சேர்ந்தபோது அவளுக்கு ஐந்து வயது. ஆட்டோ சத்தம் கேட்டதும் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். வகுப்பிலும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றார் ஆசிரியை.

"தினம் அழுதுகினே போவணுமா? பொங்கல் வரைக்கும் பாப்போம். இல்லன்னா நிறுத்திட்டு அடுத்த வருஷம் சேக்கலாம்" என்றார் என் கணவர் சேதுராமன்.

எனக்குப் பயம். ஒரு வருடம் வீட்டில் இருந்தால் இன்னும் சுருங்கிவிடுவாள். பங்கிட்டுத் தின்றால் சேர்ந்துகொள்வார்கள் என்று ஒரு டப்பா நிறைய கடலை மிட்டாய் கொடுத்தனுப்பினேன். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. சிந்து அப்படியேதான் இருந்தாள்.

மஞ்சுளா அக்கா சிரித்தார். "இன்னாம்மா நீ, மிட்டாய் குடுத்தா மிட்டாய்க்குத்தான் வருவாளுங்க." பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். "கல்யாண வூட்டுக்கு லேட்டா போனா நீ இன்னா பண்ணுவ? எல்லாம் திரும்பிப் பாக்கும். நீ ஓரமாப் போய் ஒண்டிக்குவ. இவளுக்குத் தினம் காலைல அதான் நடக்குது. ஆறு பேர் உக்காந்து பாக்கறாங்க, இவ ஏறணும்."

மறுநாள் இருபது நிமிடம் முன்னதாகவே காலி ஆட்டோ வந்து நின்றது. சிந்து தயங்கித் தயங்கி ஏறினாள். எந்த இடத்தில் உட்காருவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றாள். அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டி ஊருக்குள் திரும்பி, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு மறுபடியும் எங்கள் வாசல் வழியாகவே போனது. காலியாக ஒரு தடவை, நிறைந்து ஒரு தடவை. இரண்டாம் தடவை பார்க்க நான் வாசலிலேயே நிற்பேன்.

முதல் மூன்று நாள் சிந்து குனிந்தபடி போனாள். நான்காம் நாள் அவள் கையில் ஒரு சிவப்பு ரிப்பன் நுனி இருந்தது. மறு நுனி ஆண்டாளின் பின்னலில். ஆண்டாள் இரண்டாவதாக ஏறுகிற பெண், ஒருநாளும் முழுதாகத் தலைவாரிக்கொண்டு வந்ததில்லை.

"நீங்க பிடிக்கச் சொன்னீங்களா அக்கா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நான் ரோட்டப் பாத்து ஓட்டறேன். அந்த வாயாடி 'பிடிடி'ன்னா, இவ பிடிச்சா."

மூன்றாம் வாரம் சாயங்காலம் பையை இறக்குவதற்கு முன்பே சிந்து சொன்னாள், "ம்மா, ஆண்டாள் வூட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குது. ஒண்ணு கறுப்பு." பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் செய்தி அது. பொங்கல் வந்தது, போனது. நிறுத்துகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகும் அக்கா பழைய வழிக்கு மாறவில்லை. இரண்டு வருடம் அந்தச் சுற்றுவழிதான்.

இப்போது கலைவேந்தன் என்ற பையன் ஓட்டுகிறான். அவனுக்கு எது பக்கமோ அதுதான் வழி. திங்கட்கிழமை ஆட்டோ ஒரே தடவைதான் வந்தது, நிறைந்து வந்தது. ஆறு முகங்களும் வாசலைப் பார்த்தன. சிந்துவின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் அதற்குள் படியில் கால் வைத்திருந்தாள்.

"தள்ளுங்கடி" என்றாள். "இன்னும் கொஞ்சம்."

தள்ளி உட்கார்ந்தார்கள்.