வலக்கரம் என்று எழுதவில்லை

நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இஸ்மாலெப்பை மாஸ்டரின் மரணத்தைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் கேட்டது. கணித ஆசிரியர், இன்னாரின் தகப்பன், இன்னாரின் மாமனார் என்று எல்லாம் சொன்னார்கள். கல்முனைப் பக்கத்தில் அவரைப் போல் கேரம், எங்கள் பேச்சில் கரம், விளையாடியவர் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மௌத்தான மனிதரைப் பற்றி எழுதும்போது விளையாட்டைப் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். அவரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவன் நான். பேசுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாலையில் அஸர் தொழுதுவிட்டு வாசிகசாலையில் கூடுவோம். பலகையின் நடுவில் வட்டமாக அடுக்கிய காய்களைக் கலைக்கும் முதலடியை நாங்கள் எல்லோரும் முரட்டுத்தனமாக அடிப்போம். காய்கள் மோதித் திரும்பி மறுபடி நடுவிலேயே குவியும். மாஸ்டர் மட்டும் வேறு எதையும் ஆடாமல் பல வாரங்கள் முதலடியையே பழகினார். அடிப்பார், எந்தக் காய் எங்கே போய் நின்றது என்று பார்ப்பார், மீண்டும் அடுக்குவார்.

"வயலுக்குத் தண்ணி விடக்குள்ள வரம்பை முழுசா வெட்டுவியா?" என்று என்னிடம் கேட்டார். "பாய வேண்டிய இடத்தில சின்னதா ஒரு வாய் வெட்டுவாய். இதுவும் அப்படித்தான். விரலை இறுக்காத. நடுவைக் கொஞ்சம் விலத்தி அடி. காய் தானா வழி பிரியும்."

செய்து பார்த்தேன். பிரிந்தது.

ஆனால் அவர் இடக்கைக்காரர். முதலடி என்பது தொடக்கம், ஆகவே இறைவன் பெயரை நினைத்துப் பிஸ்மி சொல்லி வலக்கையால்தான் அடிக்க வேண்டும், பிறகு எந்தக் கையாலும் ஆடலாம் என்று எங்கள் வாசிகசாலையில் யாரோ எப்போதோ உண்டாக்கிய வழக்கம் ஒன்று இருந்தது. சாதாரண நாட்களில் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. இறுதிப் போட்டியன்று, மாஸ்டருக்கு முதலடி கிடைத்ததும், வாசிகசாலைத் தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், தொடக்கம் வலக்கையால. சபைக்கு முன்னால வேற கதை இல்ல."

"பிஸ்மியை நான் வாயாலதானே சொல்றன், காக்கா" என்று அண்ணன் முறை சொல்லியே பதில் கொடுத்தார் மாஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "வலக்கையால அடிக்காட்டி உங்களுக்கு ஆட்டம் இல்ல. கோப்பை எதிராளிக்கு."

"இதுக்குப் பேரு கரம். வலக்கரமெண்டு பலகையில எங்கயாவது எழுதியிருக்கா?"

"கையை மாத்துறீங்களா, இல்லையா?"

"ஏலா" என்றார் மாஸ்டர், மிக மெதுவாக. இடக்கையால் அடித்தார். காய்கள் நான்கு பக்கமும் பிரிந்தன. இது செல்லாது என்று தலைவர் அவற்றைத் திரும்ப அடுக்கினார். மாஸ்டர் அதே கையால் மறுபடி அடித்தார்.

தலைவர் எழுந்து, எதிரே ஆட வந்திருந்த மருதமுனை நெசவாளி ஜுனைதீனிடம் கோப்பையை நீட்டினார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு கையும் இல்லாம எனக்குத் தறி ஓடாது காக்கா. எந்தக் கை நல்ல கையெண்டு என்னட்டக் கேக்காதீங்க. ஆடாம வெண்ட கோப்பையை ஊட்டில எங்க வைக்கிற?"

கோப்பை பெயர் வெட்டப்படாமல் வாசிகசாலை அலுமாரிக்குள் போனது. தான் செய்தது பிழை என்று தலைவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லும்படி மாஸ்டர் கேட்கவுமில்லை. அடுத்த போட்டியில் அவர் இடக்கையால் தொடங்கியபோது எவரும் வாய் திறக்கவில்லை.

பிடிவாதக்காரர் என்று அவரை அடக்கிய மையவாடியிலும் ஒருவர் முணுமுணுத்தார். ஓம், பிடிவாதக்காரர்தான். அவர் காட்டித்தந்த முதலடி, வாதம் பிடித்த என் விரல்களை விட்டுப் போய்விட்டது. குரலை உயர்த்தாமல் அவர் சொன்ன அந்த "ஏலா" மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.