வெறுங்கூடையோடு வந்தவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோட்டாற்றில் எங்கள் குடும்பம் வீட்டின் முன்னறையில் சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் நான். முதலில் சந்தை வியாபாரிகள்தான் சாப்பிட்டார்கள். பிறகு வக்கீல்கள் வந்தார்கள். கன்னியாகுமரி பார்க்கப் போகிற துரைமாரும் காரை நிறுத்தி இறங்கினார்கள். என் கணவர் கொழும்பிலிருந்து பீங்கான் தட்டுகள் வரவழைத்தார். எங்கள் நெய்ச்சோறும் மீன்குழம்பும் பேர் வாங்கின.

சமைத்தவள் நான். முன்னறைப் பேச்சும் சிரிப்பும் சுவர் தாண்டிக் கேட்கும். ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். எனக்குப் பிள்ளையில்லை. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அந்த அடுப்பு மட்டும்தான்.

ஒரு மழைக்காலத்தில் கடும் காய்ச்சல் வந்தது. எழுந்தபோது மணமும் இல்லை, ருசியும் இல்லை. கருவாட்டை மூக்கருகே வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் சொன்னால் வேறு சமையல்காரரை வைத்துவிடுவார்கள். பயத்தில் வாயைத் திறக்காமல், கைப்பழக்கத்தில் சமைத்துவந்தேன்.

மணக்குடியிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் ஒரு அக்கா பின்வாசலுக்கு வருவாள். ஒருநாள் கூடையிலிருந்து நான் எடுத்த மீனை அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அது நேத்தத்த மீனாக்கும், மக்கா. வீட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன். ஒனக்கு மணக்கல்லியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மணமும் ருசியும் போனதை அவளிடம் மட்டும் சொன்னேன். குழம்பை ருசி பார்க்க அவள் உள்ளங்கையை நீட்டினாள். கொதிக்கிற குழம்பில் ஒரு கரண்டி ஆற்றி ஊற்றினேன். நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு கொறவு. புளி மதி, இனி வேண்டாம்" என்றாள். அதன் பிறகு தினமும் அவள் நாக்கைக் கேட்டுத்தான் குழம்பை இறக்கினேன். கடையின் பேர் திருவனந்தபுரம் வரை போனது.

அங்கிருந்து பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் விருந்தினரோடு சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பினார். அதை அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அந்த நாள் பார்த்துக் கடல் கொந்தளித்தது. வள்ளம் எதுவும் இறங்கவில்லை. என் கணவர் குளத்து விராலை வாங்கி வந்து போட்டார். அந்த மீனில் நான் அதிகம் குழம்பு வைத்ததில்லை. சேற்று வாடை போயிற்றா என்று எனக்கு எப்படித் தெரியும்? மீனில்லாத நாளில் அக்காவும் வரமாட்டாள். குழம்பு கொதிக்கக் கொதிக்க, இறக்க மனமில்லாமல் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்வாசலில் ஆள் அசைவு தெரிந்தது. நனைந்த சேலையோடு, வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"மீனில்லாம எதுக்குக்கா இந்த மழையில வந்திய?"

"நீ ஒத்தையில நிப்பியே, மக்கா."

குழம்பை நக்கிப் பார்த்தாள். வாடை இன்னும் இருக்கிறது என்றாள். அவள் சொன்னபடி இஞ்சியும் நல்லமிளகும் இடித்துப் போட்டேன். மறுபடி உள்ளங்கையை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, "இப்பம் எறக்கு" என்றாள்.

முன்னறையில் அந்த உத்தியோகஸ்தர் என் கணவரைப் பாராட்டியது அடுப்படி வரை கேட்டது. அக்காவிடம், சோறு வைக்கிறேன் என்றேன். வீட்டில் பிள்ளைகள் தேடும் என்று சொல்லி அவள் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

பிறகு எனக்கு ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவந்தது. இத்தனை வருஷத்தில் எங்கள் கடையைப் புகழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நான் தனியாக நிற்பேன் என்று நினைத்து மணக்குடியிலிருந்து ஒருத்தி நடந்து வந்தாளே, அதை நினைக்கும்போதுதான் நானும் ஒருவருக்கு வேண்டியவளாக இருந்திருக்கிறேன் என்று மனசு ஆறுகிறது.