மத்தி வராத நாளின் கூவல்

கார்ன்வால் கரையில் போல்வென்னா என்ற மீனவக் குப்பத்தில் டிகோரிக்குக் குரல்தான் பிழைப்பு. மத்திக் கூட்டம் கடலைச் சிவப்பாக்கிக்கொண்டு வரும்போது குன்றின்மேல் நின்று "ஹெவ்வா!" என்று கூவுவான். கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்தும் ஆட்கள் எழுந்து ஓடுவார்கள். குளிர்காலம் முழுக்க அடுப்பு எரிவது அந்தக் கூவலை நம்பித்தான்.

ஆல்தியா என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் அவனை மாலுமி வேலைக்குக் கட்டாயமாகப் பிடித்துப் போனபோது மனைவி டாம்சினுக்கு ஆறாம் மாதம். பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தை மறித்து நின்றது, பிரெஞ்சுக் கப்பல்களைச் சிறைபிடித்தது என்று ஆல்தியாவுக்குப் பெருமைகள் உண்டு. காய்ச்சலில் ஆட்கள் சாகச் சாக, கரையில் கண்டவனையெல்லாம் வாரிக்கொண்டு போனதும் அதே கப்பல்தான்.

இரண்டாம் ஆண்டு அது போல்வென்னாவுக்கே திரும்பி வந்தது. பாய்களைக் கண்டதுமே ஆண்கள் தகரச் சுரங்கங்களில் பதுங்கிவிட்டார்கள்.

"நீ கூப்பிட்டா வருவானுங்களாமே?" என்று டிகோரியிடம் கேட்டார் கப்பலின் லெப்டினன்ட். "கூப்பிடு. ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய் புள்ளையப் பாத்துட்டு வா."

"மீன் இல்லீங்களே, ஐயா."

"உன்கிட்ட மீனா கேட்டேன்?"

குழந்தையின் முகத்தை டிகோரி பார்த்ததே இல்லை. கப்பல் போய்விட்டதுபோல் அதைத் தொலைவுக்கு விலக்கி, படகுகளைப் பாறைக்குப் பின்னால் மறைத்துவிட்டு அவனைக் குன்றேற்றினார்கள். கூவினான். குரல் பழையபடி கணீரென்று எழுந்தபோது ஒரு கணம் மனம் பூரித்தது. பின்னாளில், சண்டை முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் பிளிமத்தில் கயிறு முறுக்கிக் காலந்தள்ளிய டிகோரி, அந்தப் பூரிப்பை நினைத்துத்தான் அதிகம் கூசினான்.

வலையும் கூடையுமாக ஓடிவந்தவர்களில் டாம்சினின் தம்பி பாஸ்கோ முந்திக்கொண்டான்.

"யோவ் மச்சான்! எப்பய்யா வந்தே? அந்தக் கழுதைத் தொண்டை இன்னும் அப்படியே இருக்கே!"

பாறைக்குப் பின்னாலிருந்து தடிகளோடு மாலுமிகள் பாய்ந்தார்கள்.

கைகள் கட்டப்பட்டுப் படகில் கிடந்தவர்கள் டிகோரியைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். பாஸ்கோ மட்டும் துப்பவில்லை.

"மீன் வந்துச்சு, வெலகிப் போயிடுச்சு. அப்படித்தானே மச்சான்? இவனுங்ககிட்ட சொல்லேன்."



"போயிட்டு வா," என்றார் லெப்டினன்ட். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர்.

தண்ணீர் ஓரத்தில் டாம்சின் நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் வெறுங்கூடை.

டிகோரி படகில் ஏறித் துடுப்பை எடுத்தான். துடுப்புப் போடுகிறவன் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கப்பல் சேரும்வரை கரை அவன் கண்ணெதிரிலேயே இருந்தது.