அரபு தெரியும் என்றேன்

முதீர் என் முன்னால் ஒரு தாளை வைத்து வாசிக்கச் சொன்னார். எழுபதுகளின் கடைசியில், வளைகுடா நாடொன்றின் கல்லூரி நூலகத்தில் எனக்கு அது முதல் நாள். முதீர் என்றால் அங்கே பொறுப்பாளர். சூடானில் இருந்து பிழைக்க வந்தவர், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நான் தாளை இரண்டு கையாலும் எடுத்தேன். குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் இருக்கும் ஒலிக்குறிகள் ஒன்றையும் காணவில்லை. மொட்டையாக இருந்தது. பரவாயில்லை என்று நானே மனதுக்குள் போட்டுக்கொண்டு, இலங்கையில் எங்கள் ஊரான மருதமுனையில் சின்ன வயதில் பழகிய அதே இராகத்தில், நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, ஓதி முடித்தேன். புத்தகம் எடுக்க வந்த மாணவர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். முதீர் சிரிக்கவில்லை. “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. தூசிக்காற்று அடிக்கிற நாட்களில் ஜன்னல்களைப் பூட்டி வைக்கவும் என்று எழுதியிருந்ததாம்.

நான் பொய் சொல்லி வந்தவன் அல்லன். எங்கள் ஊரில் ஒருவருக்கு அரபு தெரியும் என்றால் ஓதத் தெரியும் என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு நோன்பு மாதமும் உம்மா குர்ஆனை ஓதி முடிப்பா. கருத்து என்ன என்று அவவிடம் யாரும் கேட்டதில்லை, அவவும் யாரிடமும் கேட்டதில்லை. கல்முனையில் நூலக உதவியாளனாக இருந்த எனக்குப் புத்தக வேலை பழக்கம். கொழும்பில் ஆள் அனுப்பும் முகவர் “அரபு தெரியுமா?” என்று கேட்டபோது, நான் வாயைத் திறக்க முன்பே பக்கத்தில் இருந்த வாப்பா, “ஓம் சேர், குர்ஆன முடிச்ச புள்ள” என்றார். அந்தப் பெருமையில் நானும் தலையை ஆட்டினேன்.

என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப்போவதாக முதீர் சொன்னார். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். தங்கச்சிக்குப் பேசி முடித்தாயிற்று, வீடோ சுவரோடு நிற்கிறது. வாப்பாவின் தறியில் நெய்கிற சாரத்துணி விற்ற காசு சோற்றுக்குத்தான் சரி, கூரைக்குக் காணாது. நான் திரும்பிப் போனால் மாப்பிள்ளை வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு முன் இருந்தவன் விட்டுப்போன புத்தகங்கள் தரையெல்லாம் குவிந்து கிடந்தன. உட்கார்ந்து ஆசிரியர் பெயரைப் பார்த்து அலிப், பே, தே என்று எழுத்து வரிசையில் அடுக்கத் தொடங்கினேன். அதற்கு ஒலிக்குறியும் வேண்டாம், கருத்தும் வேண்டாம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது தரை தெரிந்தது. முதீர் விரலால் தடவிக்கொண்டே புத்தக ராக்கை நெடுக நடந்தார். “அடுக்குவதற்கு எழுத்துப் போதும். பொருள் பிறகு வரட்டும். வராவிட்டால் நீ போகலாம்” என்றார். பெரிய தாராள மனம் என்று சொல்ல மாட்டேன். வேலை குவிந்து கிடந்தது, அவருக்கும் வேறு ஆளில்லை. ஆனாலும் இன்றுவரை அவருக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன்.

பொருள் மெதுவாகத்தான் வந்தது. கீழ்த்தட்டில் இருந்த சின்னப் பிள்ளைகளின் புத்தகங்களில் ஆடு, கதவு, தண்ணீர் என்று படித்தேன். தெருவில் அரபு எழுத்துள்ள கடதாசி கிடந்தால் எடுத்து, முத்தமிட்டு, மதில் மேல் வைக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. ஒருநாள் அதைக் கண்ட முதீர், “டயர் விளம்பரம்” என்று சொல்லிவிட்டுப் போனார். முதன்முதலாக அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். புத்தகங்களை வகைபிரித்து எண்ணிடும் வேலையை அவர் எனக்குத் தந்தபோது, ஊரில் தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த வருடம் ஒருநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகையில், இமாம் ஓத ஓத, சின்னப் பிள்ளையில் இருந்து பாடமாக வைத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கின. அழுகை வந்துவிட்டது. இதை முதலில் உம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

லீவில் ஊருக்கு வந்தபோது எண்பதுகள் பிறந்திருந்தன. வாப்பா வருகிறவர்களிடமெல்லாம் என் அரபைப் பற்றியே கதைத்தார். முதல் நாள் நடந்ததை நான் உம்மாவிடம் மட்டும் ஒளிக்காமல் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாயில் ஓதிக்கொண்டிருந்தவ நிறுத்தியதும், “உம்மா, ஓதினதுக்குக் கருத்து என்னெண்டு சொல்லட்டா?” என்றேன்.

“எனக்கு எதுக்கு மனே? நான் ஓதுறது அல்லாஹ்வுக்கு விளங்குதுதானே. அது காணும்.”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அத்தனை தூரத்தில் இருந்து அதைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன்.

அடுத்த நாள் காலை குசினியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். உம்மா சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. தலை நிமிராமலே கேட்டா: “மறுகா, ஒவ்வொரு தொழுகையிலயும் ஓதுற அந்த அல்ஹம்து சூறாவுக்கு மட்டும் கருத்தச் சொல்லன் பாப்பம். இவ்வளவு காலமும் நான் அவனுக்கிட்ட என்ன கேட்டுக்கிட்டு இருந்தன்?”