ஒரே மூட்டையை இரண்டு முறை அளந்தது

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, பரவைச் சந்தைக்குப் பக்கத்தில் நெல் கடை வைத்திருந்தேன். என் கடை அளவுக்காரன் நெல் விற்க வரும் சம்சாரிகளின் நெல்லை மரக்காலில் குவித்து அளந்து ஏய்க்கிறான் என்று பேச்சு கிளம்பியது. கீழக்குயில்குடியிலிருந்து வரும் நெல் வண்டிகள் என் வாசலில் நிற்காமல் போகத் தொடங்கின. அவனை நிறுத்திவிட்டேன். அடுத்த ஆளும் அப்படி அமைந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். ஒருவருக்கு நெற்றி நிறையத் திருநீறு. அளந்து காட்டச் சொன்னபோது, முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல், வழக்கப்படி 'லாபம்' என்று அவர் இழுத்துச் சொன்னது தேவாரம் போல இருந்தது. மற்றவர் என் முகத்தையே பார்க்கவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில். எதையோ மறைக்கிறார் என்று பட்டது.

"மொத ஆளையே வச்சுக்கலாம். பாத்ததுமே மனசுக்குப் பிடிச்சுப்போச்சு. வேணும்னா ஆத்தா சன்னதியில பூப்போட்டுப் பாத்துருவோம்" என்றேன் வீட்டில்.

"போன ஆளையும் மனசுக்குப் பிடிச்சுத்தான வச்சீக" என்றாள் மனைவி. "ஒங்க மரக்காலப் பாக்குறதுதான் ஆத்தாவுக்கு வேலையா? ஒரே மூட்டைய ரெண்டு பேரையும் அளக்கச் சொல்லுங்க. ஒருதடவ வாங்குற நெல்லுன்னு சொல்லுங்க, மறுதடவ விக்கிற நெல்லுன்னு சொல்லுங்க."

சாமி கும்பிடுகிறவரைச் சோதிப்பது எனக்கு உறுத்தியது. ஆனாலும் செய்தேன். மூட்டை அதேதான் என்று இருவரிடமும் சொல்லவில்லை. திருநீறு பூசியவர் கையில், வாங்கும்போது குறைந்த நெல் விற்கும்போது கூடிவிட்டது. மற்றவர் அளந்ததில் இரண்டு முறையும் ஒரே கணக்கு.

திருநீறு பூசியவரிடம் கேட்டேன். "நம்ம கடைக்கு நல்லதுதான மொதலாளி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதுவே பயமாகவும் இருந்தது.

மற்றவரை வேலைக்கு வைத்தேன், மனம் ஒப்பாமல்தான். சோதனையை மோப்பம் பிடித்திருப்பாரோ? வேறொரு மூட்டையை நானே அளந்து வைத்து, ஒன்றும் சொல்லாமல் அவரிடம் தள்ளினேன். கணக்கு சரியாகவே வந்தது.

அடுத்த சந்தையன்று ஒரு கீழக்குயில்குடி வண்டியை வலியக் கூப்பிட்டு நிறுத்தினேன். வண்டிக்காரச் சம்சாரி மரக்காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்னப்பா, இம்புட்டு மெதுவாவா அளப்ப?" என்றார்.

"நீங்க எண்ணணும்ல" என்றார் அளவுக்காரர், நிமிராமலே.

அளந்து முடிந்ததும் சம்சாரி என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வண்டியும் இங்கயே வரும்ணே. ஆனா நானும் கூட வந்து நிப்பேன்."

"நில்லுங்க. நானும் நிக்கத்தான் போறேன்" என்றேன்.