லாண்டரிக்காரர் மனைவியின் மூக்கு

லாண்டரிக்காரர் மனைவிக்கு ஒரு காலத்தில் அப்படியொரு மூக்கு. சட்டையைக் கையில் வாங்கும்போதே இது வியர்வை, இது சிகரெட், இது குழந்தை கக்கிய பால் என்று பிரித்துப் போட்டுவிடுவாள். இப்போது பக்கத்தில் அழுகின முட்டையை உடைத்தாலும் கண்டுகொள்வதில்லை.

வாடிக்கையாளர்கள் துவைத்த துணியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அக்குளில் புளித்த நெடி, காலரில் பிசுக்கு. சூடான இஸ்திரிப்பெட்டி மேலே ஏறியதும் கிளம்பும் நாற்றத்தில் லாண்டரிக்காரர் முகத்தைச் சுளித்தார். போதாததற்கு அவள் கடைப்படியில் தயங்கித் தயங்கி ஏறுவாள். காலைத் தேய்த்து நடப்பாள். பட்டனை விரலால் தடவித் தேடுவாள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது அவருக்கு.

"மூக்கைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்தியா?" என்று நாலு பேர் முன்னால் கத்துவார். அவள் சிரித்து மழுப்புவாள்.

கடைசியில் முடிவு கட்டிவிட்டார். திங்கள்கிழமையிலிருந்து கவுன்டரில் தன் தங்கை மகள், இவள் வீட்டோடு.

"முப்பது வருஷமா நான் நின்ன இடங்க அது."

"சோம்பேறிக்கு என்னடி இடம்?"

பெற்ற மகள் விடவில்லை, அம்மாவை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். நச்சரிப்புத் தாங்காமல் மனைவியை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா அவளை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். பிறகு ஒரு குட்டி டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டினார்.

"என்ன வாசனைம்மா?"

அவள் டப்பாவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். இதுகூடவா தெரியவில்லை என்ற கடுப்பில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"புளிச்ச நாத்தம் டாக்டர்."

உள்ளே இருந்தது காப்பித்தூள்.

டாக்டர் அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி நீட்டினார். அவள் இழுத்து இழுத்து முகர்ந்தாள்.

"ஒண்ணுமே வரலை," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "ரெண்டு வருஷமாவே இப்படித்தான். இவர் மூஞ்சியச் சுளிச்சா அந்தத் துணிய மறுபடி ஊறப்போட்டுருவேன். இவர் பக்கத்துல இல்லாதப்பதான் தப்பாயிடுது."

"வீட்ல ஏன் சொல்லல?"

"சொன்னா கடையில நிக்க விடுவாரா?"

மறதி நோய் சிலருக்கு இப்படி மூக்கிலும் நடையிலும்தான் முதலில் தலைகாட்டும், இன்னும் சில டெஸ்ட் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். லாண்டரிக்காரருக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று நினைத்துக்கொண்டார்.

அவள் மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் அருவருப்பு அப்பிக் கிடந்தது.

"கோவப்படாதீங்க," என்றாள். "திங்கக்கிழமைலேர்ந்து வீட்டோடயே இருந்துக்கறேன்."